காற்றே இல்லாத இடத்தில் கப்பலுக்கு வடிவம் எதற்கு?

கோலாலம்பூரில் ஒரு விண்வெளிப் படம் வெளியாகி, இரவுக் காட்சி முடிந்து நண்பர்கள் மாமாக் கடையில் உட்கார்ந்ததும் ஒரு வாதம் தவறாமல் கிளம்பும். "அந்தக் கப்பலுக்கு இறக்கை எதுக்கு? அங்கே காத்தே கிடையாதே" என்பார் ஒருவர். "காத்து இல்லைன்னா எந்த வடிவமும் ஓடும்தானே? கோட்டை மாதிரி இருந்தால் என்ன, பெட்டி மாதிரி இருந்தால் என்ன?" என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இந்த இரண்டாவது பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அறிவியல்பூர்வமாக ஒன்றைச் சொல்லிவிட்ட நிறைவில் எல்லாரும் ரொட்டி சானாய்க்குத் திரும்பிவிடுவார்கள்.

அந்தப் பதில் பாதிதான் சரி. விண்வெளியில் நீங்கிப்போவது காற்றின் எதிர்ப்பு என்ற ஒரே ஒரு கட்டுப்பாடு. அது போன இடத்தில் வேறு கட்டுப்பாடுகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அவை காற்றைவிடக் கண்டிப்பானவை. கப்பலை எந்தத் திசையில் தள்ளுகிறோம், எவ்வளவு எரிபொருளைச் சுமக்கிறோம், வெப்பத்தை எங்கே கொட்டுகிறோம் என்ற மூன்று கேள்விகள் கப்பலின் வடிவத்தை ஏறக்குறைய முழுவதுமாகத் தீர்மானித்துவிடும். மூன்றாவது கேள்வியைப் படங்கள் கிட்டத்தட்ட மறந்தே போகின்றன. அதனால் அதற்குத்தான் இங்கே அதிக இடம் தரப்போகிறேன். கணக்கு கொஞ்சம் வரும், பள்ளிக் கணக்குத்தான்.

கடல் கப்பலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம்

பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே ஓடும் பினாங்கு ஃபெர்ரியை எடுத்துக்கொள்வோம். அடிப்பாகம் நீரைக் கிழித்துப் போகும் வடிவில் இருக்கிறது, ஏனென்றால் நீர் எதிர்க்கிறது. ஓட்டுபவரின் அறை உயரத்தில் இருக்கிறது, ஏனென்றால் முன்னால் குறுக்கிடும் சிறு படகுகளை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். தளங்கள் கிடைமட்டமாக இருக்கின்றன, ஏனென்றால் பூமி கீழ்நோக்கி இழுக்கிறது. எஞ்சின் சூட்டைப் பற்றிப் பயணிகள் யாரும் கவலைப்படுவதில்லை. சுற்றிலும் கடல் இருக்கிறது, கடல்நீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. முன்பு கார்களை ஏற்றிச் சென்ற பழைய ஃபெர்ரிகளுக்கு இரண்டு முனையும் முன்பக்கம்தான். குறுகிய நீரிணையில் மணிக்கணக்காகப் போய்வரும் கப்பல் ஒவ்வொரு முறையும் திரும்பி நிற்க வேண்டாம் என்பதற்காக அப்படிக் கட்டினார்கள். வடிவம் என்பது தேவைக்குக் கிடைத்த விடை.

படங்களில் வரும் விண்கப்பல்களில் பல, கடற்படைக் கப்பலின் உருவத்தை அப்படியே எடுத்துக்கொண்டவை. உயரமான கோபுரத்தில் கண்ணாடி பதித்த கட்டளை அறை, கிடைமட்டத் தளங்கள், பின்னால் எஞ்சின், மூடிய தடித்த உடல். இந்த உறுப்புகளுக்குக் கடலில் இருந்த காரணங்கள் எதுவும் விண்வெளியில் இல்லை. அங்கே வேறு காரணங்கள் இருக்கின்றன, அவற்றுக்கான உறுப்புகள்தான் காணோம்.

தள்ளும் திசையே தரையைத் தீர்மானிக்கும்

ஃபெர்ரியின் விசிறி நீரைப் பின்னால் தள்ளுகிறது, அதனால் கப்பல் முன்னால் போகிறது. விமானம் காற்றைப் பின்னால் தள்ளுகிறது. விண்வெளியில் தள்ளுவதற்கு எதுவுமே இல்லை. ஆகவே தள்ளவேண்டிய பொருளையும் ராக்கெட் தானே சுமந்துபோய், அதை மிக வேகமாகப் பின்னால் வீசுகிறது. அப்படி வீசும்போது கப்பலுக்குக் கிடைக்கும் முன்னோக்கிய விசைக்கு உந்துவிசை என்று பெயர்.

உந்துவிசைக்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. அது கப்பலின் நிறைமையத்தின் வழியாகச் செல்லவேண்டும். நிறைமையம் என்பது கப்பலின் மொத்த நிறையும் குவிந்திருப்பதாக வைத்துக்கொள்ளக்கூடிய புள்ளி. உந்துவிசையின் கோடு அந்தப் புள்ளியை விட்டு விலகினால் கப்பல் நேராகப் போகாது, சுழல ஆரம்பித்துவிடும். கடலிலோ காற்றிலோ அந்தச் சுழற்சியைத் தடுத்து நிறுத்த நீரும் காற்றும் உண்டு. வெற்றிடத்தில் எதுவும் தடுக்காது. அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் பெரிய எரிபொருள் கலத்தின் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிளம்பியது. ஒருபக்கமாக அமைந்த அந்த எடையைச் சமாளிக்க அதன் முக்கிய எஞ்சின்களைச் சாய்த்து வைக்க வேண்டியிருந்தது, எரிபொருள் குறையக் குறையச் சாய்வையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. உடலுக்கு வெகு மேலேயோ ஒரு பக்கமாகவோ எஞ்சினை வைத்திருக்கும் கற்பனைக் கப்பல்கள் அழகாக இருக்கலாம். எஞ்சினை இயக்கிய உடனே குட்டிக்கரணம் போடும்.

அடுத்தது தரை. கோம்தாரிலோ இரட்டைக் கோபுரத்திலோ லிஃப்ட் மேலே கிளம்பும் கணத்தில் உடல் கொஞ்சம் கனத்துப்போவதை உணர்ந்திருப்பீர்கள். லிஃப்டின் தரை உங்களை மேல்நோக்கித் தள்ளுகிறது, உடல் அதை எடையாக உணர்கிறது. ராக்கெட்டிலும் அதேதான் நடக்கிறது. எஞ்சின் எரியும்போது 'கீழே' என்பது எஞ்சின் இருக்கும் பக்கம். எனவே தளங்களை எஞ்சினுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அடுக்குமாடிக் கட்டடத்தில் இருப்பதுபோலத்தான். படத்தில் வரும் கிடைமட்டத் தளக் கப்பலில் எஞ்சினை வேகமாக இயக்கினால் மாலுமிகள் எல்லாரும் பின்சுவரில் போய் விழுவார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டால் எடையே இருக்காது. அப்போது சுவர், கூரை, தரை என்ற வேறுபாடும் இல்லை. அனைத்துலக விண்வெளி நிலையத்தில் நான்கு பக்கச் சுவர்களிலும் கருவிகள் பொருத்தப்பட்டிருப்பது அதனால்தான். 2007இல் நம் நாட்டின் ஷேக் முஸாபார் அங்கே மிதந்துகொண்டிருந்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அது நினைவிருக்கும்.

போர் விமானம் போலச் சாய்ந்து வளைந்து திரும்பும் காட்சியையும் இங்கேயே முடித்துவிடலாம். விமானம் சாய்ந்து திரும்புவது காற்றின் மீது சாய்ந்துதான். வெற்றிடத்தில் கப்பலின் மூக்கைத் திருப்பினால் மூக்கு மட்டும் திரும்பும், பயணம் பழைய திசையிலேயே தொடரும். திசை மாற எஞ்சினை எரிக்க வேண்டும். நிற்பதற்கும் அப்படித்தான்: பின்புறத்தைப் பயணத் திசைக்குத் திருப்பி, கிளம்பியபோது எரித்தது போலவே மீண்டும் எரிக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: உந்துவிசை நிறைமையத்தின் வழியாகச் செல்ல வேண்டும், தளங்கள் அந்த விசைக்குக் குறுக்காக அடுக்கப்பட வேண்டும், நிற்பதற்கும் எரிபொருள் வேண்டும்.

எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும்

கப்பலில் இருக்கும் எரிபொருளுக்கும் எடை உண்டு. அதையும் தள்ளிக்கொண்டு போக இன்னும் எரிபொருள் வேண்டும். அந்தக் கூடுதலைத் தள்ள மேலும் கொஞ்சம். இந்தச் சங்கிலியை 1903இல் ரஷ்ய ஆசிரியர் கான்ஸ்டன்டின் ட்சியோல்கோவ்ஸ்கி ஒரே சமன்பாடாக எழுதி வெளியிட்டார். சமன்பாட்டை விட்டுவிடுவோம், அது சொல்லும் செய்தி போதும்.

எல்லாம் வெளியேற்ற வேகத்தைப் பொறுத்தது. எஞ்சின் தன் புகையை எந்த வேகத்தில் பின்னால் வீசுகிறதோ அதுதான் வெளியேற்ற வேகம். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கும் மிகச் சிறந்த ராக்கெட்டில் அது வினாடிக்குச் சுமார் 4.5 கிலோமீட்டர். கப்பலும் அதே 4.5 கிலோமீட்டர் வேகத்தைப் பெற வேண்டுமானால், கிளம்பும் எடையில் 63 விழுக்காடு எரிபொருளாக இருக்க வேண்டும். இரு மடங்கு வேகத்துக்கு 86 விழுக்காடு. மூன்று மடங்குக்கு 95. மிஞ்சும் 5 விழுக்காட்டில்தான் எஞ்சின், எரிபொருள் கலங்கள், சுவர்கள், மனிதர்கள், சாப்பாடு எல்லாம்.

சந்திரனுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட் 111 மீட்டர் உயரம், கிளம்பும்போது சுமார் 2,900 டன். சந்திரனை நோக்கி அது அனுப்பியது 50 டன்னுக்கும் குறைவு. எடையைக் குறைக்கப் பொறியாளர்கள் பட்ட பாட்டை அப்பல்லோவின் சந்திரத் தரையிறங்கு கலத்தில் காணலாம். அதிலிருந்து இருக்கைகளையே எடுத்துவிட்டார்கள். இரு வீரர்களும் நின்றபடியே இறங்கினார்கள். நின்றால் முகத்தைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோகலாம், அதனால் சன்னல்களையும் சின்னதாக்க முடிந்தது. சில இடங்களில் அதன் சுவர் 0.3 மில்லிமீட்டர் தடிமன்தான். சுமார் 15 டன் எடையில் பத்து டன்னுக்கு மேல் எரிபொருள். காற்றில் பறக்கவே தேவையில்லாத முதல் மனிதக் கலம் அது. விரும்பிய வடிவத்தில் செய்துகொள்ளும் முழுச் சுதந்திரம் இருந்தும், பூச்சி போல் ஒடிசலாக, கோணல்மாணலாக வந்தது. எடையைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய வடிவம் அது. நான் பார்த்த எந்தக் கற்பனைக் கப்பலைவிடவும் எனக்கு அதுதான் அழகு.

சரி, வேகமாகப் போக ஆசைப்பட்டால்? பல கதைகளில் கப்பல் நாள் முழுக்க எஞ்சினை எரித்து, உள்ளே பூமியைப் போன்ற எடையை உண்டாக்கிக்கொள்கிறது. அப்படி ஒரு நாள் ஓடினால் வேகம் வினாடிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் ஆகிவிடும். வழக்கமான ராக்கெட் எரிபொருளைக் கொண்டு ஒரே ஒரு கிலோ பொருளை அந்த வேகத்துக்குக் கொண்டுபோக நினைத்தால், தேவைப்படும் எரிபொருள் நம்மால் காணக்கூடிய பிரபஞ்சத்தின் மொத்த நிறையைவிட அதிகம். எரிபொருள் கலத்தைப் பெரிதாக்கி இதைத் தீர்க்க முடியாது. வெளியேற்ற வேகத்தைக் கூட்டுவது ஒன்றே வழி.

கூட்டவும் செய்திருக்கிறோம். 2007இல் கிளம்பிய டான் என்ற ஆய்வுக்கலம் செனான் வாயுவை மின்சாரத்தால் முடுக்கி, வினாடிக்கு 30 கிலோமீட்டர் அளவில் பின்னால் வீசியது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே இருக்கும் வெஸ்டா, சீரெஸ் என்ற இரு சிறிய உலகங்களை அடுத்தடுத்துச் சுற்றிவர அதற்கு 425 கிலோ செனான் போதுமாக இருந்தது. ஆனால் அதன் உந்துவிசை, கையில் ஒரு தாளை வைத்திருந்தால் உணரும் எடை அளவுதான். பொறுமையாக, வருடக்கணக்கில் தள்ளிக்கொண்டே போனது. வெளியேற்ற வேகமும் வேண்டும், பெரிய உந்துவிசையும் வேண்டும் என்றால் எஞ்சினின் ஆற்றல் எக்கச்சக்கமாக ஏறும். ஆற்றல் ஏறினால் வெப்பமும் ஏறும்.

சுருக்கமாக: வேகக் கப்பல் பெரும்பாலும் எரிபொருள் கலமாகத்தான் இருக்கும். கலத்தைச் சிறிதாக்க நினைத்தால், பிரச்சினை எரிபொருளிலிருந்து வெப்பத்துக்கு இடம் மாறும்.

விண்வெளி குளிர்தான், ஆனாலும் குளிர்விக்காது

"விண்வெளியில் பயங்கரக் குளிர், எஞ்சின் சூடானால் என்ன, தானே ஆறிவிடும்." இந்தப் பேச்சில் நான் அதிகம் கேட்ட தவறு இதுதான்.

வெப்பம் ஒரு பொருளை விட்டு வெளியேற மூன்று வழிகளைப் பள்ளியில் படித்திருக்கிறோம். தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்குப் போவது வெப்பக் கடத்தல். நகரும் காற்றோ நீரோ சுமந்து செல்வது வெப்பச்சலனம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாக வெளியேறுவது வெப்பக் கதிர்வீச்சு. தே தாரிக்கை மேலிருந்து ஊற்றி ஊற்றி ஆற்றுவதும், கணினிக்குள் விசிறி சுற்றுவதும், காரில் ரேடியேட்டர் இருப்பதும் முதல் இரண்டு வழிகளை நம்பித்தான். விண்வெளியில் அந்த இரண்டும் அடைபட்டிருக்கின்றன. தொடுவதற்கும் ஒன்றும் இல்லை, சுமந்துபோகவும் ஒன்றும் இல்லை.

வீட்டில் இருக்கும் ஃபிளாஸ்க் இதே உத்தியில்தான் வேலை செய்கிறது. அதன் இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டிருக்கிறார்கள். அந்த வெற்றிடத்தைத் தாண்டி வெப்பம் கடத்தலாகவும் சலனமாகவும் போக முடியாது. காலையில் ஊற்றிய காப்பி மாலையிலும் சூடாக இருக்கிறது. விண்கப்பல், ஃபிளாஸ்க்குக்குள் இருக்கும் காப்பியின் நிலையில் இருக்கிறது: சுற்றிலும் வெற்றிடம், உள்ளே இடைவிடாமல் சூடு. காப்பி தானாகப் புதிய சூட்டை உண்டாக்குவதில்லை. கப்பல் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரே சுமார் 100 வாட் வெப்பம் வெளியிடுகிறார். விளக்கு, கணினி, எஞ்சின் எல்லாம் அதற்கு மேல்.

மிஞ்சியிருப்பது கதிர்வீச்சு மட்டும். அது ஒரு மெதுவான வழி. 27 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பு, அதிகபட்சம் சுமார் 460 வாட் வெப்பத்தைத்தான் வெளியே அனுப்பும். விண்வெளி நிலையத்தின் படத்தைப் பார்த்தால், மின்சாரம் தரும் கருநிறச் சூரியத் தகடுகளுக்கு நடுவே வெள்ளையாக மடிப்பு மடிப்பான தகடுகள் தெரியும். அவைதான் அதன் ரேடியேட்டர்கள். உள்ளிருந்து வரும் சூட்டை அம்மோனியா சுமந்துபோய் அங்கே சேர்க்கிறது. ஒவ்வொன்றும் சுமார் 23 மீட்டர் நீளம். அத்தனையும் சேர்ந்து வெளியேற்றக்கூடியது சுமார் 70 கிலோவாட். ஸ்பேஸ் ஷட்டிலில் சரக்கு அறைக் கதவுகளின் உட்புறத்தில் ரேடியேட்டர் இருந்தது. சுற்றுப்பாதையை அடைந்ததும் அந்தக் கதவுகளைத் திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால் பயணத்தைத் தொடர முடியாது, பூமிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இப்போது அளவைப் பெரிதாக்குவோம். போர்ட்டிக்சன் பக்கத்தில் இருக்கும் ஜிமா ஈஸ்ட் நிலக்கரி மின் நிலையத்தில் ஓர் அலகு சுமார் 1,000 மெகாவாட் மின்சாரம் தருகிறது. அதற்குக் குறையாத வெப்பம் வீணாக வெளியேறுகிறது, பெரும்பகுதியைக் கடல்நீர் ஏற்றுக்கொள்கிறது. அப்படி 1,000 மெகாவாட் வெப்பத்தை விண்வெளியில் 27 டிகிரி தகட்டால் வெளியேற்ற வேண்டுமானால், இரண்டு பக்கமும் கதிர்வீசினாலும் ஒரு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு வேண்டும்.

தகட்டை இன்னும் சூடாக வைத்தால் நிலைமை வெகுவாக மாறுகிறது. கதிர்வீச்சு, வெப்பநிலையின் நான்காம் மடிக்கு ஏற்ப வளர்கிறது. இங்கே வெப்பநிலையைக் கெல்வினில் அளக்க வேண்டும்: பொருள் இருக்கக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலையைப் பூஜ்யமாக வைத்து எண்ணும் அளவு அது. 27 டிகிரி செல்சியஸ் என்பது 300 கெல்வின். அதை 600 கெல்வினாக இரட்டித்தால் கதிர்வீச்சு 16 மடங்கு. 1,200 கெல்வினில், அதாவது 927 டிகிரி செல்சியஸில், 256 மடங்கு. முன்பு ஒரு சதுர கிலோமீட்டர் கேட்ட அதே வெப்பத்துக்கு இப்போது சுமார் 4,250 சதுர மீட்டர் போதும், ஒரு கால்பந்துத் திடலைவிடக் குறைவு. தகடு சிவந்து ஒளிரும்.

அப்படியானால் எல்லாவற்றையும் சிவக்கச் சிவக்கச் சூடாக்கிவிடலாமே என்று தோன்றும். முடியாது. மனிதர் இருக்கும் அறை 27 டிகிரியில் இருக்க வேண்டும். பினாங்கின் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள், சிப் 100 டிகிரியை நெருங்கினாலே தொல்லைதான். சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் எஞ்சினுக்கும் ஒரு குளிர்ந்த பக்கம் தேவை. அந்தப் பக்கம் சூடாகச் சூடாக எஞ்சினின் திறன் குறையும், வீண்வெப்பம் கூடும். அதனால் உண்மையான கப்பலுக்கு இரண்டு வகை ரேடியேட்டர் வேண்டியிருக்கும்: எஞ்சினுக்குச் சிறிய, சிவந்த தகடுகள், மனிதர்களுக்கும் மின்னணுவுக்கும் பெரிய, குளிர்ந்த தகடுகள்.

கப்பல் பெரிதாகப் பெரிதாக இது மோசமாகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்து மடங்கு ஆக்கினால் வெளிப்பரப்பு 100 மடங்கு ஆகும். உள்ளே இருக்கும் இடமும், அங்கே வெப்பம் உண்டாக்கும் பொருள்களும் 1,000 மடங்கு ஆகும். நகரம் அளவு பெரிய, மூடிய, மொழுமொழு உடலோடு ஒரு கப்பலைத் திரையில் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது ரேடியேட்டரை. இல்லையென்றால் உள்ளே இருப்பவர்கள் மெல்ல வெந்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எதிரிக்குத் தெரியாமல் இருளில் பதுங்கியிருக்கும் கப்பலும் இதே சிக்கலில் மாட்டும். வெப்பத்தை வெளியே விட்டால் மைனஸ் 270 டிகிரிப் பின்னணியில் அது அகச்சிவப்புக் கருவிகளுக்குப் பளிச்சென்று தெரியும். விடாவிட்டால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும்.

திரைப்படக் கலைஞர்களுக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தின் டிஸ்கவரி கப்பலுக்கு முதலில் வரைந்த படங்களில் பெரிய ரேடியேட்டர்கள் இருந்தன. பார்ப்பவர்கள் அவற்றை இறக்கை என்று நினைத்துக் குழம்பிவிடுவார்கள் என்று பிறகு எடுத்துவிட்டார்கள். மற்றபடி அந்தக் கப்பலின் வடிவம் மிக நேர்மையானது: ஒரு முனையில் மனிதர் வாழும் கோளம், மறுமுனையில் அணு எஞ்சின், நடுவே நீண்ட முதுகெலும்பு. அணுக் கதிர்வீச்சு தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். இரண்டு மடங்கு தள்ளி இருந்தால் கால் பங்கு. கனமான தடுப்புச் சுவரைச் சுமப்பதைவிட வெறும் இடைவெளியை நீட்டுவது மலிவு. 2009இல் வந்த 'அவதார்' படத்தின் தொடக்கத்தில் வரும் கப்பலில் பெரிய ரேடியேட்டர் தகடுகள் இருக்கின்றன. அதன் எஞ்சின்களும் முன்னால் இருந்து இழுக்கின்றன. தள்ளும்போது வளையாமல் நிற்கத் தடித்த தண்டு வேண்டும், இழுக்கும்போது மெல்லிய தண்டே போதும். எடை மிச்சம். சில நிமிடங்களே திரையில் வரும் ஒரு கப்பலுக்கு யாரோ உட்கார்ந்து இவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

வெப்பப் பகுதியிலிருந்து நினைவில் வைக்க வேண்டியது: வெற்றிடம் சூட்டை வெளியே விடாது, கதிர்வீச்சு ஒன்றே வழி, அதற்குப் பெரிய பரப்போ மிகுந்த சூடோ வேண்டும்.

மூன்றையும் சேர்த்து ஒரு கணக்கு

100 டன் எடையில் ஒரு சிறிய கப்பல். நாள் முழுக்கப் பூமியைப் போன்ற எடையை உள்ளே தரும்படி ஓட வேண்டும். எரிபொருள் பிரச்சினையைத் தீர்க்க, வினாடிக்கு 1,000 கிலோமீட்டர் வெளியேற்ற வேகம் கொண்ட ஒரு கற்பனை எஞ்சினைக் கொடுத்துவிடுவோம். எரிபொருள் எடை 57 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும், மிக நல்ல செய்தி.

அந்த எஞ்சினின் ஆற்றல் எவ்வளவு? உந்துவிசையை வெளியேற்ற வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் கிடைக்கும்: சுமார் 4,90,000 மெகாவாட். தீபகற்ப மலேசியாவின் உச்ச மின் தேவை சுமார் 20,000 மெகாவாட். அதைப்போல ஏறக்குறைய 25 மடங்கு ஆற்றல் ஒரு சின்னக் கப்பலின் பின்னால்!

எஞ்சின் அபாரமாக வேலை செய்கிறது, நூற்றில் ஒரு பங்குதான் கப்பலுக்குள் வெப்பமாகத் தங்குகிறது என்று வைப்போம். அந்த ஒரு பங்கே 4,900 மெகாவாட். 927 டிகிரியில் சிவந்து ஒளிரும் இருபக்கத் தகடுகளால் அதை வெளியேற்றச் சுமார் 21,000 சதுர மீட்டர் வேண்டும். ஒரு சதுர மீட்டர் தகடு, அதற்குள் ஓடும் குழாய், திரவம் எல்லாம் சேர்த்து வெறும் 5 கிலோ என்று இலேசாக வைத்தாலும், ரேடியேட்டர் மட்டும் 100 டன்னைத் தாண்டுகிறது. கப்பலின் மொத்த எடையே அவ்வளவுதான்.

கதாசிரியர் புதிய எஞ்சினைக் கற்பனை செய்யலாம், அது அவர் உரிமை. இந்தக் கணக்கில் எஞ்சின் எந்த வகை என்று நாம் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அணுவோ வேறெதுவோ, ஆற்றலில் சிறு பங்கு கப்பலுக்குள் கசிந்தாலும் இந்த விடை வந்துவிடும். அதனால்தான் இன்றைய விண்கலங்கள் சில நிமிடங்கள் எஞ்சினை எரித்துவிட்டு, மாதக்கணக்கில் சும்மா மிதந்து போகின்றன.

சுவர், சன்னல், சக்கரம்

உள்ளே சாதாரணக் காற்றழுத்தம் இருந்தால் ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரையும் சுமார் பத்து டன் எடைக்குச் சமமான விசை வெளியே தள்ளும். தட்டையான சுவர் புடைக்கும், மூலைகளில் இறுக்கம் சேரும். ஆகவே மனிதர் வாழும் பகுதி உருளையாகவோ கோளமாகவோ இருப்பதே இயல்பு. அகலமான கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்று தளபதி விண்மீன்களைப் பார்ப்பது பார்க்க நன்றாக இருக்கும். ஓட்டுவதற்கு அவருக்குத் திரைகள் போதும். விண்வெளி நிலையத்தின் கண்ணாடிக் கூண்டில் ஏழு சன்னல்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் மூடிவைக்கக் கதவும் உண்டு.

எடையற்ற நிலையைத் தவிர்க்கச் சக்கரம் போலச் சுழலும் கப்பல் உண்மையிலேயே நல்ல யோசனை. அளவுதான் பெரும்பாலும் தவறுகிறது. நிமிடத்துக்கு இரண்டு சுற்று சுற்றி பூமியின் எடையைப் பெற 224 மீட்டர் ஆரம் வேண்டும். பத்து மீட்டர் ஆரத்தில் அதே எடையைப் பெற நிமிடத்துக்கு ஒன்பது சுற்றுக்கு மேல் போக வேண்டும். தலையைத் திருப்பினாலே குமட்டும், தலையும் காலும் வெவ்வேறு எடையை உணரும்.

அப்போ இறக்கை?

மாமாக் கடை வாதத்தின் முதல் கேள்விக்கு இப்போது வரலாம். இறக்கை முட்டாள்தனம் கிடையாது. காற்றுள்ள ஒரு கோளில் இறங்கும் கலத்துக்கு அது பயன்படும். ஸ்பேஸ் ஷட்டிலின் இறக்கைகள் சுற்றுப்பாதையில் இருந்த நாள் முழுவதும் வெறும் சுமை. திரும்பி வந்து ஓடுபாதையில் இறங்கிய நேரத்துக்காகவே அவற்றைச் சுமந்தது. பூமிக்கு அருகிலேயே போய்வரும் கலத்துக்கு அந்தச் சுமை கட்டுப்படியாகும். வியாழனுக்குப் போய்வரும் கப்பலுக்கு அதே இறக்கையைக் கொடுத்தால், அதன் ஒவ்வொரு கிலோவுக்கும் போகவும் வரவும் எரிபொருள் கேட்கும்.

அப்பல்லோ பொறியாளர்கள் இதற்கு எடுத்த முடிவு தெளிவானது. ஒரே கலம் எல்லாவற்றையும் செய்ய வேண்டாம் என்று வேலையைப் பிரித்தார்கள். சந்திரனில் இறங்க இருக்கை கூட இல்லாத ஒடிசலான கலம். சந்திரனைச் சுற்றிக் காத்திருக்க எஞ்சின் பொருத்திய உருளை. பூமியின் காற்றுக்குள் நுழைய 3.9 மீட்டர் அகலத்தில், வெப்பக் கவசம் பூசிய ஒரு கூம்பு. வேலை முடிந்த பகுதியை அங்கேயே விட்டுவிட்டு மற்றது கிளம்பும். கதையில் பெரிய கப்பல் மேலே சுற்றுப்பாதையில் நிற்க, சிறிய கலம் ஒன்று பிரிந்து கீழே இறங்குவதாகக் காட்டினால், இறக்கையை அந்தச் சிறிய கலத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். பெரிய கப்பலுக்கு அந்த எடையில் இன்னும் கொஞ்சம் ரேடியேட்டர் கொடுப்பது நல்லது.